துடக்கு வீட்டுச் சிமிழ்கள்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது. மற்றவர்களுக்கு நடுங்குமாம். எனக்குக் கோபத்தில்தான் கை ஒரு நிலைக்கு வரும். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வரைந்த குருவிகளின் கண்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவில் விழுந்திருக்கின்றன என்றால் அதற்கு என் திறமை காரணம் இல்லை. என் தங்கச்சிதான் காரணம்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ரொறன்ரோவில் பனி கொட்டினால் முதலில் நிறுத்துவது எங்களைத்தான். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், வாத்திமார் வருவார்கள், நடந்து வரக்கூடிய பிள்ளைகள் வருவார்கள், பஸ் மட்டும் ஓடாது. விடியப்புறம் ரெலிபோனில் செய்தி வரும். நான் திரும்பிப் படுக்க மாட்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் கடை விளம்பரத் தாள்களை விரித்து, பெயின்ற் போத்தல்களை அடுக்கிவிடுவேன். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் பதினோராவது மாடியில் இருக்கிற எனக்கு வழிக்க வாசலும் இல்லை, தள்ளப் பனியும் இல்லை. கீழே ஆட்கள் காரைத் தோண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு வரைவேன்.

இந்தப் பழக்கம் என் மனிதர் வீட்டைவிட்டுப் போன பிறகு வந்தது. அவர் அடித்தவரும் இல்லை, குடித்தவரும் இல்லை. கிழமைக்கணக்கில் கதைக்காமல் இருக்கக்கூடியவர். என்னால் ஒரு மணித்தியாலம் முடியாது. ஒருநாள் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு ரெக்ஸ்டேலில் ஒரு அறைக்குப் போனார், பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. பனி நாளில் வீடு மிகவும் சத்தமில்லாமல் இருந்ததால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மரவில்லைகளில் பனிமனிதன் வரைந்து, மேலே நூல் கட்டி, என் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு நத்தார் பண்டிகைக்குக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவர்களே கேட்டார்கள். அப்படியே தொடர்ந்தது.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. பெறாமகள் இருக்கிறாள், தங்கச்சியின் ஒரே மகள். தங்கச்சியும் அவளுடைய மனிதரும் மாறி மாறி வேலைக்குப் போன காலத்தில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு நேரே என் வீட்டுக்குத்தான் வரும். என் கையால் சாப்பிட்டு, என் கட்டிலில் படுத்து, என் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவளுக்குத் தை மாதத்தில் கலியாணம் என்று நாள் வைத்ததும், முதலில் ஓடிவந்து என்னிடம்தான் ஒரு விசயம் கேட்டாள்.

எங்கள் கலியாணங்களில் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஏதாவது திணிக்க வேண்டும். பிளாஸ்ரிக் பிள்ளையார், மினுங்குகிற பையில் ரெண்டு சொக்லேற், சாவியை மாட்டினவுடன் கழன்று வருகிற திறப்புக் கோர்வை. பாதி மண்டபத்தின் தரையிலும் மீதி கார்ச் சீற்றுக்குக் கீழேயும் கிடக்கும்.

"பெரியம்மா, ப்ளீஸ், நோ பிளாஸ்ரிக்," என்றாள். "ஆக்கள் காருக்குள்ளை எறிஞ்சிட்டுப் போகாத ஒரு சாமான் வேணும். யூ மேக் இற்."

மரத்தில் செய்த சின்னக் குங்குமச் சிமிழ். மூடியில் பனி விழுந்த ஒரு கிளை, அதில் ஒரு சிவப்புக் கார்டினல் குருவி. ரெலிபோனில் படம் காட்டினாள். குளிர் வந்தாலும் ஊரைவிட்டுப் போகாத குருவி, அதனால் தனக்குப் பிடிக்கும் என்றாள். மயில் வைக்கலாமே என்று தங்கச்சி கேட்டாளாம். மயில் ஸ்காபரோவில் எங்கே நிற்கிறது என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். என் வளர்ப்பு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

குடும்பத்துக்கு ஒன்று என்றாலும் இருநூறு சொச்சம் தேவைப்பட்டது. ஒவ்வொன்றையும் அரத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, வெள்ளை அடிப்பூச்சு பூசிக் காயவிட வேண்டும். அதன்மேல் சாம்பல் கலந்த நீலம். பிறகு கிளை, பிறகு குருவி. அலகுக்குச் செம்மஞ்சள், முகத்துக்குக் கறுப்பு. கடைசியில் பல்லுக்குத்துகிற குச்சியின் நுனியால் பனி. அவசரப்பட்டு ஹீற்றருக்கு மேலே காயவைத்த முதல் தொகுதி பொருக்கு வெடித்துப்போனது. அதற்குப் பிறகு மூடிகளை முட்டைத் தட்டுகளில் அடுக்கி, குளியலறை முதல் கட்டில் வரை பரப்பிவைத்தேன். எல்லாம் காய்ந்த பிறகு வார்னிஷ். வெளியே குளிர் என்பதால் யன்னல் திறக்க முடியாது. அடுப்புக்கு மேலே உள்ள ஃபானைப் போட்டுவிட்டு, தலையிடியோடு பூசுவேன். அந்த வருஷம் பனி தாராளமாகக் கொட்டியது. ஒவ்வொரு முறை பஸ் இல்லை என்று செய்தி வரும்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் எழும்பினேன்.

என் தங்கச்சி கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. 

அவள் மல்வேர்னில் இருக்கிறாள். மார்கழிக் கடைசியில் ஒரு பனி நாள், வீதி வழித்த பிறகு காரை எடுத்துக்கொண்டு சிமிழ்களைப் பார்க்க வந்தாள். மூடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "கடைச் சாமான் மாதிரியே இருக்கு அக்கா," என்றாள். அவளுடைய வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது. பிறகு மேசைத் துணியைச் சுரண்டத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. சொல்லக் கூடாததைச் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம்.

"அக்கா, ஆராத்திக்கு என்ரை மனிசன்ரை தங்கச்சியையும் மாப்பிள்ளை பக்கத்திலை ஒரு மாமியையும் போட்டிருக்கு. நீங்கள் குறை நினைக்கக் கூடாது."

பொண்ணும் மாப்பிள்ளையும் வந்து நிற்க, இரண்டு பெண்கள் தட்டெடுத்துக் கண்ணூறு கழிக்கிறதுதான் ஆராத்தி. பொண்ணின் பெரியம்மா அதில் ஒரு பக்கம் நிற்பது எங்களுக்குள் சாதாரணம். சேலைகூட எடுத்து வைத்திருந்தேன்.

"ஏன், எனக்குத் தட்டுத் தூக்கக் கை இல்லையோ?"

"அப்பிடி இல்லை. ஆராத்தி எண்டால் சோடியா இருக்கிற ஆக்கள் எடுத்தால்தான்..."

"அப்ப நான் என்ன, ஒற்றைச் செருப்போ?"

"பாத்தியளோ, கோவிக்கிறியள். நீங்கள் சிமிழ் குடுக்கிற மேசையிலை நில்லுங்கோ. போற ஆக்கள் எல்லாரும் உங்களைக் காணுவினம் அக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன். ஆராத்தி எடுக்காவிட்டால் ஆகாயம் இடிந்து விழாது. அந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறுகிறதை நான் பார்க்க வேண்டும். அவள் மணவறையிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது அந்த மண்டபத்தில் நான் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது நடக்கும் என்றால் மேசையில் நிற்பேன், கதவடியில் நிற்பேன், கோட்டு மாட்டுகிற அறையில்கூட நிற்பேன். அன்று பின்னேரம் நான் வரைந்த குருவிகளைப் பார்த்தால் எல்லாம் யாருடனோ சண்டைக்குப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் என் மனிதரின் தமையன் பாரிஸில் செத்துப்போனார். நித்திரையில் போய்விட்டாராம். அந்தப் பக்கத்துச் சொந்தத்தில் நான் மதித்த ஒரே ஆள் அவர்தான். தம்பி வீட்டைவிட்டுப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "பிழை எங்கடை பக்கம் பிள்ளை," என்று சொன்ன ஒரே மனிதர். கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். பிறகு என் மனிதருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"கேள்விப்பட்டன்," என்றேன்.

"ம்."

"போறியளோ?"

"நாளைக்குப் பிளேன்."

அவ்வளவுதான். வா என்றும் கேட்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சாவுத் தீட்டு, துடக்கு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. இதைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செத்தவரின் சொந்தத் தம்பிக்கே ஞாபகம் வராத ஒன்று மல்வேர்னில் இருக்கிற என் தங்கச்சிக்கு ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரமே கூப்பிட்டாள். "அக்கா, ஒரு விசயம். கோவிக்கக் கூடாது," என்று தொடங்கினாள். அப்படித் தொடங்கின எந்தக் கதையும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

"உங்களுக்குத் துடக்கெல்லே."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். அவற்றை தமையன் எல்லே. முப்பத்தொண்டு கழியுமட்டும் நல்ல காரியத்துக்கு வரக்கூடாதெல்லே அக்கா."

எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவையில்லை. புருசன் பக்கத்தில் சாவு என்றால் பெண்சாதிக்கும் துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயிலும் இல்லை, கலியாணமும் இல்லை. பிறந்த வீட்டுக் கலியாணமாக இருந்தாலும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

"நான் அவரோடையே இருக்கிறன்? அந்த மனிசன் போய் எத்தினை வருசம்?"

"எண்டாலும் சட்டப்படி நீங்கள் இன்னும் புருசன் பெண்சாதிதானே அக்கா."

சட்டப்படி! விவாகரத்துக்குக் கையெழுத்து வைக்க நான் வெளிக்கிட்டபோது என் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தது யார்? "பெட்டையின்ரை கலியாணம் முடியட்டும் அக்கா, பேந்து என்னவெண்டாலும் செய்யுங்கோ," என்று இதே வாயால் கெஞ்சியது யார்? அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது குடும்பத்தில் ஒரு விவாகரத்து இருக்கக்கூடாது என்பதற்காக நான் அந்த மனிதரின் பெயரை இத்தனை வருஷம் சுமந்தேன். ஆராத்தித் தட்டுத் தூக்க என்றால் நான் அவருக்குப் பெண்சாதி இல்லை. துடக்குக் காக்க என்றால் பெண்சாதி. வாடகைக்குப் பங்கு தராத மனிதரின் வீட்டுத் துடக்கில் மட்டும் எனக்கு முழுப் பங்கு!

"ஐயரிட்டைக் கேட்டனியோ?" என்றேன்.

"கேட்டனான். துடக்குத்தான் எண்டவர். ஆனால் சிமிழுக்குப் பிரச்சினை இல்லையாம். செய்தி வர முதல் செய்து முடிச்ச சாமான்தானே. மஞ்சள் தண்ணி தெளிச்சு எடுக்கலாமாம்."

"அப்ப என்னையும் தெளிச்சு எடன்."

"என்ன?"

"என்னையும் செய்தி வர முதல்தானே செய்து முடிச்சது. ரெண்டு துளி தெளிச்சுக் காருக்குள்ளை ஏத்திக்கொண்டு போவன்."

"பகிடி விடாதேங்கோ அக்கா. நான் இஞ்சை எவ்வளவு ரென்சனிலை இருக்கிறன் தெரியுமோ?" என்றாள்.

அவளுக்கு ரென்சனாம். ரெலிபோனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த சட்டிகளையே மறுபடி எடுத்துக் கழுவினேன். கறிவேப்பிலையைக்கூடக் கறி கொதிக்கும்வரை உள்ளே விடுகிறார்கள். என்னை அடுப்பு மூட்ட முதலே எடுத்து எறிந்துவிட்டாள்.

மறுநாள் அவளுடைய மனிதர் சிமிழ்களை எடுக்க வந்தார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். கதவுக்கு வெளியே, நடையில் நின்றார். ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. கையில் யன்னல் துடைக்கிற ஸ்பிரே போத்தல். உள்ளே மஞ்சள் தண்ணீர். ஒரு மாவிலைகூடக் கிடைக்கவில்லையா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"அக்கா, நீங்கள் பெட்டியளை வாசலிலை வையுங்கோ. நான் எடுக்கிறன்."

"கடைசி ரெண்டு பெட்டியும் இன்னும் வார்னிஷ் பூசேல்லை. நனைச்சுப் போடாதேங்கோ," என்றேன்.

"சும்மா பேருக்கு ரெண்டு துளி அக்கா."

பேருக்கு என்றவர் பெட்டிகளைத் திறந்து, மூடிகளை விரித்து வைத்து, பயிருக்கு மருந்து அடிக்கிற மாதிரி மூலை முடுக்கெல்லாம் அடித்தார். லிப்டிலிருந்து இறங்கிய பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ மனிசி நின்று பார்த்துவிட்டு, என்னிடம் என்ன வாசம் என்று கேட்டாள். என்ன சொல்வது? கிளீனிங் என்றேன். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் லிப்டுக்குள் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் வேலைக்குப் போய் வந்தேன். கலியாண வேலையாக இருந்த ஒருவரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பனி, மறுபடி பஸ் இல்லை. மேசையில் வேலை ஒன்றும் இல்லை. தூரிகைகளைக் கழுவினேன். காய்ந்த பெயின்றை நகத்தால் சுரண்டினேன். வாய்க்கு வந்தபடி தங்கச்சியைத் திட்டினேன், தனியாக, சத்தமாக. அவள் முன்னால் இருந்தால் சொல்ல முடியாத எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குச் சொன்னேன்.

அப்போது கதவு தட்டுப்பட்டது. பெறாமகள். தலை, தோள் எல்லாம் பனி. கையில் இரண்டு பெட்டி.

"பெரியம்மா, திறவுங்கோ."

"உள்ளுக்கு வராதை. இது துடக்கு வீடு. கலியாணப் பொம்பிளை வரக்கூடாது," என்றேன். வேண்டுமென்றே சொன்னேன். யாருக்காவது குத்த வேண்டும்போல இருந்தது.

"ஐ டோன்ட் கெயர். எனக்குக் கால் விறைக்குது," என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

வார்னிஷ் பூசிய மற்றப் பெட்டிகளில் தண்ணீர் வழுக்கிப் போய்விட்டதாம். பூசாத இந்த இரண்டு பெட்டியிலும் மஞ்சள் நன்றாக ஊறிப் பிடித்திருந்தது. குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளையில் இருந்த பனி, தரையில் இருந்த பனி, நான் குச்சி நுனியால் ஒவ்வொன்றாக வைத்த பனி முழுவதும் மஞ்சள். இந்த ஊரில் குளிர்காலத்தில் மஞ்சள் பனி எப்படி வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எந்த மரத்தடியில் நிற்கிறார்களோ அந்த மரத்தடியில் வருகிறது.

"பெரியம்மா," என்றாள் அவள், முகத்தை நேராக வைத்துக்கொண்டு. "எவ்ரிவன் இஸ் கோயிங் ரு திங்க் நாய் மூத்திரம் பேஞ்சது எண்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் வெள்ளைப் போத்தலைத் திறந்தேன். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மஞ்சளுக்கு மேலே வெள்ளையை ஒரு முறை பூசினால் காணாது. உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கும். காயவிட்டு மறுபடி பூச வேண்டும். அவள் தரைப் பனியைப் பூச, நான் கிளைப் பனியைப் பூசினேன். இடையில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தேன். துடக்கு வீட்டுச் சோறு. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாள்.

"ஒருவகையிலை அம்மா இஸ் ஸோ ரிலீவ்ட் பெரியம்மா."

"ஏன்?"

"இனிப் பெரியப்பா ஏன் வரேல்லை எண்டு அவையள் கேட்டால் சொல்ல ஒண்டு இருக்கெல்லே. துடக்கெண்டால் ரெண்டு பேரும் வர ஏலாது. தட்ஸ் இற்."

நான் தூரிகையை நிறுத்தினேன். "ஆர் கேக்கிறது?"

"மாப்பிள்ளை வீட்டு ஆக்கள்தான், அவற்றை அம்மா. அவையளுக்கு நீங்கள் பிரிஞ்சது தெரியாதெல்லே. நிச்சயத்துக்கும் பெரியப்பா நைட் ஷிப்ட் எண்டுதானே அம்மா சொன்னவ. தாலிக்குப் பொன்னுருக்கினதுக்கும் ஷிப்ட் எண்டா. வெடிங்குக்கு என்ன சொல்றதெண்டு மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு இருந்தவ." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியும் எண்டவ. நீங்கள் ஓகே எண்டு சொன்னதெண்டு அம்மா சொன்னவ."

எனக்குத் தெரியாது. நிச்சயதார்த்தத்தில் ஒருவரும் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்காததை நான் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். பாரிஸில் ஒரு நல்ல மனிதர் நித்திரையில் செத்ததைக் கேட்டு நான் தொட்டியடியில் நின்று அழுதபோது, என் கூடப்பிறந்தவள் மல்வேர்னில் அப்பாடா என்று மூச்சுவிட்டிருக்கிறாள். சம்பிரதாயத்துக்குப் பயந்து என்னைத் தள்ளினாள் என்றால் அதைக்கூட மன்னிப்பேன். இவள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டுத் தள்ளியிருக்கிறாள். துடக்கு என்பது கையில் தானாக வந்து விழுந்த சாட்டு.

கையைக் கழுவிவிட்டு ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். பெறாமகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் பொம்பிளையின்ரை பெரியம்மா கதைக்கிறன். எனக்குத் துடக்கெண்டு சொன்னனீங்களாம்."

"ஓம் அம்மா, அவற்றை தமையன் எண்டால் முப்பத்தொண்டு..."

"நாங்கள் சேர்ந்து இல்லை. பிரிஞ்சு பல வருசம். இது உங்களுக்குச் சொன்னதோ?"

"தங்கச்சி கேக்கேக்கை அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே அம்மா."

"இப்ப நான் சொல்லுறன்."

"அப்பிடியெண்டால்... நீங்கள் தலைக்குக் குளிச்சுப்போட்டு வாங்கோவன். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

முப்பத்தொரு நாள் ஒரு குளிப்போடு போய்விட்டது. அவரோடும் கோபம் வந்தது. இவ்வளவு லேசான விசயம் என்றால் என்னிடமே நேரே கேட்டிருக்கலாமே. ஆனாலும் நன்றி சொல்லி வைத்தேன்.

"நான் வாறன்," என்று பெறாமகளிடம் சொன்னேன். "அம்மாட்டைச் சொல்லாதை."

"நீங்கள் வராட்டி நான் மணவறையிலை இருந்து இறங்கி வந்து அந்த மேசையிலை நிண்டு குடுப்பன்," என்றாள். செய்யக்கூடியவள்தான். பிறகு இருட்டும்வரை பனி பூசினோம்.

கலியாணத்தன்று தலைக்குக் குளித்தேன். ஐயருக்காக அல்ல, எண்ணெய் வைத்திருந்தேன். ஆராத்திக்கு என்று எடுத்து வைத்திருந்த அரக்குச் சேலையையே கட்டி, கீழே பனிச் சப்பாத்தும் மேலே கோட்டும் போட்டுக்கொண்டு போனேன். மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் செருப்பு மாற்றும்போதே நாதஸ்வரச் சத்தம் கேட்டது. சிமிழ் மேசையில் யாரோ ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தார்கள். நீ போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டேன்.

தங்கச்சி மணவறையடியிலிருந்து என்னைக் கண்டாள். அவளுடைய முகம் போன போக்கைச் சொல்லத் தேவையில்லை. தாலி கட்டுகிற நேரம் வந்தது. நான் மேசையை விட்டு முன்னே போய் இரண்டாம் வரிசையோடு நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. பிள்ளை நிமிர்ந்து கூட்டத்துக்குள் தேடினாள். என்னைக் கண்டாள். கண்டுவிட்டுத்தான் குனிந்தாள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு யாரோடும் கோபம் இல்லை.

நான் மேசைக்குத் திரும்பியபோது தங்கச்சி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, என்ன இது? துடக்கோடை..."

"ஐயரிட்டைக் கேட்டனான். நீ சொல்லாததையும் சொல்லிக் கேட்டனான்."

அதற்குள் மாப்பிள்ளையின் தாய் மேசையடிக்கு வந்துவிட்டார். உயரமான மனிசி, கையில் வெற்றிலைத் தட்டு. ஒரு சிமிழை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுகளும் நீங்கள்தான் கீறினதாமே? பிள்ளை எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைக்கும். அவர் இண்டைக்கும் வேலையோ?"

தங்கச்சியின் விரல்கள் பின்னாலிருந்து என் முழங்கையை அழுத்தின. சேலைக்கு மேலாலேயே நகம் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறியாயிற்று. இனி ஒருவராலும் அதைக் கழற்ற முடியாது. நான் யாருக்காகப் பொறுத்தேனோ அந்த வேலை முடிந்துவிட்டது.

"அவர் வேலையிலை இல்லை," என்றேன். "நாங்கள் பிரிஞ்சு இருக்கிறம். இப்ப இல்லை, எத்தினையோ வருசம்."

மனிசி என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த குருவியைப் பார்த்தார்.

"ஓ," என்றார். "இந்தக் குருவி எங்கடை பின் வளவுக்கும் வாறது. இன்னொண்டு எடுக்கலாமோ? என்ரை தங்கச்சி கலிபோர்னியாவிலை இருந்து வந்தவ, இப்பிடிச் சாமான் எண்டால் அவவுக்கு உயிர்."

எடுங்கோ என்றேன். இரண்டு சிமிழை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த மேசைக்காரரை விசாரிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இந்த ஒரு "ஓ"வுக்குப் பயந்துதான் எனக்கு நைட் ஷிப்ட் புருசன் ஒருவரைப் படைத்தார்கள். இந்த ஒரு "ஓ"வுக்காகத்தான் நான் விவாகரத்தும் வாங்காமல், ஆராத்தியும் எடுக்காமல், ஒரு சாவைச் சாட்டி வீட்டோடு கிடக்க இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

தங்கச்சி என் முழங்கையை விட்டாள். கண் கலங்கியிருந்தது.

"இண்டைக்கே உதைச் சொல்ல வேணுமோ அக்கா?"

"வேறை எண்டைக்கு என்னைக் கூப்பிடப் போறாய்?" என்று கேட்டேன்.

அவள் மேசைத் துணியை ஒருமுறை சுரண்டினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, மணவறைப் பக்கம் போய்விட்டாள்.